தொண்ணூறு நிமிடத்துக்குப் பிறகு விழுந்த கோல்

அன்புள்ள கீத்துக்கு,

நீயும் பமேலாவும் குழந்தையும் அந்த ஊர் வெயிலில் வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் அப்பா படுத்திருக்கிறார், உயிருக்கு ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் பதறாமல் படி. தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், உறிஞ்சுகுழலில் சூப்பும் பாலும்தான் இறங்குகிறது, விலா எலும்பு மூன்று போயிற்று, பேச முடியாததால் கண்ணாலேயே என்னை வேலை வாங்குகிறார். உன் அத்தை மகன் போனில் பாதியைச் சொல்லி உன்னைக் கிளப்பிவிட்டிருக்கிறான். முழுவதையும் நான் சொல்கிறேன்.

கோப்பை ஆட்டத்தில் நம் ஊர்க்காரர்கள் லண்டனுக்குப் போய் அந்தப் பெரிய கிளப்போடு ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தது உனக்குத் தெரியும். மறு ஆட்டம் நம் மைதானத்தில், புதன்கிழமை. மின்சாரத் தட்டுப்பாடு, விளக்குப் போடக்கூடாது என்று அரசாங்க உத்தரவு, அதனால் மதியமே ஆட்டம். மில்லும் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது, ஊரில் அத்தனை ஆம்பிளைகளும் சும்மா இருந்தார்கள், காலையிலிருந்தே நம் பந்தயக் கடையில் நிற்க இடமில்லை. உன் அப்பா பலகையில் இரண்டு விலை எழுதியிருந்தார். நம் ஆட்கள் ஜெயிப்பார்கள் என்றால் ஒன்றுக்கு ஐந்து. அடுத்த சுற்றுக்குப் போவார்கள் என்றால் ஒன்றுக்கு மூன்று. இரண்டும் ஒன்றுதானே என்று எல்லோரும் கேட்டார்கள், இவரும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார், முதல் பந்தயம் தொண்ணூறு நிமிடத்தோடு முடிந்துவிடும், அப்போது சமனாக இருந்தால் ஜெயிப்பார்கள் என்று கட்டியவனுக்கும் தோற்பார்கள் என்று கட்டியவனுக்கும் பணம் போச்சு, இரண்டாவது பந்தயத்தில் கூடுதல் நேரமானாலும் இன்னொரு ஆட்டமானாலும் கடைசியில் யார் மேலே போகிறார்களோ அதுதான் கணக்கு, நடப்பதற்கு வழி அதிகம் இருப்பதால்தான் விலை குறைவு என்று.

டென்னிஸ் ஓக்டன் அன்று வந்தான். உன்னோடு பள்ளிக்கூடத்தில் பந்து உதைத்தவன், நம் வீட்டு மேசையில் நான் வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்று வளர்ந்த அதே டென்னிஸ்தான். மோட்டார் பைக்கை விற்ற பணம் முழுவதையும் ஜெயிப்பார்கள் என்று வைத்தான். உன் அப்பா சீட்டை எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, டேய், இது கோப்பை ஆட்டம், இழுத்துக்கிட்டே போகும், மேல போவாங்கன்னு போடுறா என்றார். அவன் சிரித்தான். மூணுக்கெல்லாம் கிழவிங்க போடட்டும் அங்கிள், எனக்கு அஞ்சு எழுதுங்க என்றான். எழுதிக்கொடுத்தார்.

தொண்ணூறு நிமிடத்தில் மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்தில் பந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருட்டிக்கொண்டு வரும்போது நம் பையன் ஒருத்தன் தலையால் முட்டிக் கோல் போட்டான். அந்தச் சத்தத்தில் கடைக்குள் இருந்த டீக் கோப்பைகள் ஆடின. அதற்குப் பிறகு ஸ்டேஷன் ரோட்டில் நடந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லண்டன் ஆட்களை ரயிலுக்குப் போகவிடாமல் மறித்தார்கள், அவர்களும் சும்மா இல்லை, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள், ரொட்டிக்கடைக் கண்ணாடி போயிற்று, ஒருத்தனைத் தரையில் போட்டு நாலு பேர் மிதித்தார்கள், போலீஸ் குதிரை அவன் மேலேயே ஏறிப் போனது. ஜெயித்த ஊர் கீத், தோற்றிருந்தால் என்ன செய்திருப்பார்களோ.

அந்தக் கூட்டத்திலிருந்துதான் டென்னிஸ் உள்ளே வந்தான், கூட இரண்டு பேர். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம், முகம் நிறையச் சிரிப்பு. சீட்டைக் கவுண்டரில் விரித்து வைத்தான். உன் அப்பா அதைத் தொடவில்லை. தொண்ணூறு நிமிஷத்துல சமன்டா என்றார். நாம ஜெயிச்சமா இல்லையா என்று கேட்டான். ஜெயிச்சோம், ஆனா நீ கட்டினது ஜெயிக்கல என்றார் இவர். கூட வந்தவர்களும் சிரித்தார்கள், விளையாடுறாருடா கிழவர் என்று. இவர் விளையாடவில்லை என்று டென்னிஸுக்குத்தான் முதலில் புரிந்தது. ஸ்டூலைத் தூக்கிக் கண்ணாடித் தடுப்பில் அடித்தான், இவரைக் காலரைப் பிடித்து உடைந்த கண்ணாடி மேலேயே இழுத்து இந்தப் பக்கம் போட்டான், பூட்ஸ் காலால் முகத்தில் உதைத்தான். எங்க ஊரு ஜெயிச்சுது, திருட்டுக் கிழவா, எங்க ஊரு ஜெயிச்சுது என்று ஒவ்வொரு உதைக்கும் சொன்னான். கூட வந்த இரண்டு பேரும் பயந்து ஓடிவிட்டார்கள்.

நான் பின்னறையில் இருந்தேன். நிலக்கரி உடைக்கிற சுத்தியல் கைக்கு வந்தது. அவன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அடுத்த உதைக்குக் காலைத் தூக்கியபோது அந்த வலது கை மேல் அடித்தேன். மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தான். விழுந்தவனை இன்னொரு தடவை அதே இடத்தில் அடித்தேன். ஆன்ட்டி, போதும் ஆன்ட்டி, நான் டென்னிஸ் என்றான். அவன் யார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்துதான் மூன்றாவது தடவை கையை ஓங்கினேன், தலைக்கு. உன் அப்பா பேச வாயில்லாமல் தவழ்ந்து வந்து என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்காவிட்டால் உனக்கு இந்தக் கடிதத்தை ஜெயிலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

அன்று ராத்திரியே கடைக் கதவில் திருடன் என்று பெயின்ட் அடித்தார்கள், செங்கல்லும் வந்தது, டென்னிஸ் மாதிரியே பணத்தை விட்டவர்கள் ஊரில் நிறையப் பேர். கொடுத்துத் தொலைக்கலாமே என்று உன் மாமா சொன்னார். உன் அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். உதைத்தவனுக்குக் கொடுத்தால் அடுத்த சனிக்கிழமை தோற்றவன் எல்லாம் பூட்ஸோடு வருவான், அது எனக்கும் சரி என்றே பட்டது. ஷீலாவை, டென்னிஸின் பெண்டாட்டியை, கசாப்புக் கடையில் பார்த்தேன். எல்லோர் முன்னாலும் என் கோட்டில் காறித் துப்பினாள். அவன் மெஷின் ஃபிட்டர், அந்தக் கை இனி முழுசாக மூடாதாம். நான் துடைக்காமலே வீட்டுக்கு வந்தேன். நம் அணியும் அடுத்த சுற்றில் ஆறு கோல் வாங்கிக்கொண்டு வெளியே போயிற்று.

போலீஸ் சார்ஜென்ட் நல்ல மனிதர், அவன் நிக்கும்போதுதானேம்மா அடிச்சீங்க, அப்படியே எழுதிக்கிறேன் என்றார். டென்னிஸும் தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டான். போன திங்கள்கிழமை கோர்ட்டில் நான் இரண்டு அடியையும் சொன்னேன், ஓங்கிய மூன்றாவதையும் சொன்னேன். இதை யாரும் உங்களைக் கேட்கவில்லையே என்றார் நீதிபதி. அவன் கேட்டானே ஐயா, போதும்னு கேட்டானே என்றேன். டென்னிஸ் கூண்டில் கட்டுப்போட்ட கையோடு என்னைப் பார்க்காமல் நின்றான். அவனுக்கு ஆறு மாதம். நான் ஓராண்டுக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இன்று காலை உன் தந்தி வந்தது. விமானத்துக்குச் சொல்லிவிட்டேன், அவன் வெளியே வரும்போது ஜெயில் வாசலில் நிற்பேன், அவன் காலை உடைப்பேன் என்கிறாய். வராதே. முதல் அடி உன் அப்பாவைக் காப்பாற்ற. இரண்டாவது அடி யாரையும் காப்பாற்ற இல்லை கீத், அது எனக்கு இனித்தது. இந்த வயதில் அதைத் தெரிந்துகொண்டு நான் எப்படியோ மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவேன். நீ தெரிந்துகொள்ள வேண்டாம்.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடியில்லாமல் வைக்கட்டும். பமேலாவுக்கு என் அன்பு. குழந்தையை மத்தியானத்தில் தொப்பி இல்லாமல் கடற்கரைக்கு விடாதே. உன் அப்பா பக்கத்தில் இருந்து இதையெல்லாம் படித்துவிட்டுப் பேனாவைக் கேட்கிறார், என்ன எழுதுகிறாரோ அதோடு முடித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
மேவிஸ்

அம்மா சொல்றதைக் கேள். அப்பா.