அரை மில்லி

உன் மெஷின் சூடேறும்போது வருமே, சோளக்கதிர் வேகிற வாசம், அது இப்போது உன் மாடி அறை முழுக்க நிற்கிறது. ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடந்த அறை. "ஓடாத மெசினைப் பழைய இரும்புக்குப் போட்டறலாம்னு அவங்கப்பா சொல்றாரு. உனக்கு வேணும்னா எடுத்துக்க கண்ணு" என்று உன் அம்மா கூப்பிட்டார்கள். எடுத்துப் போக வந்தவன் ஓட விட்டுவிட்டேன்.

பிளாஸ்டிக் கம்பியை உருக்கிப் பொருள் செய்யும் மெஷின் நம் ஊரில் பலரிடம் உண்டு. உன்னுடையது தன் பாகங்களையே அச்சிட்டுத் தன்னைப் போல இன்னொன்றைப் பெற வேண்டியது. மோட்டாரும் ஒயரும் மட்டும் நாம் மாட்ட வேண்டும். தாய், பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாய்.

நொய்யல் ஆற்றுப் பாலத்தில் நின்று சொன்னாயே: "இந்தச் சாயப்பட்டறைச் சேத்தை அள்ள ஆயிரம் பேரு வேணும்டா. ஒரே ஒரு மெசினை எறக்குவோம். அள்ளுற சேத்துலயே தன்னாட்டம் இன்னொண்ணு செஞ்சுக்கும். ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும்."

"அத்தனைக்கும் காது குத்தோணுமே, தாய்மாமன் மடிக்கு எங்கடா போறது? சேறு தீந்துட்டா நம்ம ஊட்டைத் தோண்டுமா?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "நில்லுன்னா நிக்கப் பழக்கிட்டுத்தான் பெக்க விடோணும். தாய்கிட்ட ஒரு தப்பு இருந்தா பேரன் பேத்தி வரைக்கும் போயிரும்."

அதைக் கேட்டதும்தான் எனக்குக் கை அரித்தது. மறுநாள் நீ டீ வாங்கப் போன நேரத்தில், கம்ப்யூட்டரில் இருந்த பிள்ளையின் பல்சக்கரப் படத்தைத் திறந்து, அதன் நடுத்துளையை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தேன். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பிள்ளை ஒவ்வொரு சுற்றுக்கும் திக்கியது. நாலு சக்கரம் மாற்றி அச்சிட்டாய். நாலிலும் என் குறும்பு அச்சு அசலாக இறங்கியது.

"தாய் நல்லா ஓடுது. புள்ள மட்டும் ஏண்டா திக்குது?"

"தாய்ப்பால் பத்தலையோ என்னமோ" என்றேன்.

பத்து நாள் தேடினாய். பிறகு, "என் கணக்கே தப்புடா. தன்னையே ஒழுங்காச் செய்யத் தெரியாதது ஆத்தை எங்க தோண்டும்?" என்று சுவிட்சை அணைத்தாய். நாளைக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். மறுநாள் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நீ உயிரோடு வரவில்லை.

இன்று துளையை நடுவுக்கு நகர்த்தித் தாயிடம் கொடுத்தேன். அது சக்கரத்தை அச்சிட்டு முடிக்கும்வரை உன் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை ஓடினால் உன் கணக்கு சரி, நான் மாட்டினேன். திக்கினால் எதுவும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம். திக்கிவிடு என்று ஒரு கணம் நினைத்தேன். உன்னிடம் அதை மறைக்கப் போவதில்லை.

சக்கரத்தை மாட்டி சுவிட்சைப் போட்டேன். ஒரு சுற்று. இரண்டு. பத்து. திக்கவில்லை. பிள்ளை தன் முதல் பாகத்தை அச்சிடத் தொடங்கியது.

"ஓடுதா? கணக்குத் தப்புன்னு சொல்லீட்டே கெடந்தானே!"

"அவன் கணக்கு சரிதானுங்க அம்மா. நாந்தான் வெளையாட்டுக்கு…" முழுவதும் சொன்னேன்.

மெஷினைப் பார்த்தபடியே உன் அம்மா சொன்னார்கள்: "அந்தப் பத்து நாளும் அவன் ஒரு வேளைகூட ஒழுங்காச் சாப்புடலை."

"ஆமாங்க."

"ரெண்டையும் எடுத்துட்டுப் போ" என்று எழுந்தார்கள். "அவன் எதுக்குச் செஞ்சானோ, அதைச் செய்ய வெய்யி."

மன்னித்தார்களா என்று தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. பிள்ளை இரண்டாவது பாகத்தைத் தொடங்கிவிட்டது.