அப்பாவின் தோளும் நீ அனுப்பிய மிஷினும்

குமாசி
ஞாயிறு, மாலை ஐந்து மணி

அன்பு மகள் கொனாடுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவர் தயவில் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நன்றாகச் சண்டையும் போட்டுக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீ முதல் இரண்டையாவது ஒழுங்காகச் செய்கிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும். குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, காதை மூடாமல் வெளியே போகாதே, காது வலி வந்து முகம் வீங்கினால் அப்புறம் அழகாவது ஒன்றாவது. பாஸ்டரின் தங்கை வியாழக்கிழமை ஹாம்பர்க் புறப்படுகிறாள், அவள் கையில் கருவாடும் மிளகாயும் எண்ணெயில் வதக்கிய ஷிட்டோ இரண்டு பாட்டிலும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் எங்கேடி சொல்வது, நான் ஹலோ சொல்வதற்குள் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இது அவர் காதில் விழக் கூடாத சங்கதி.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். ஈஸ்டருக்கு என் கடிதம் வரவில்லை என்று நீ கோபித்துக்கொண்டபோது வீட்டில் ஒரு பேனாவும் எழுதவில்லை என்றேன் அல்லவா, பேனா எல்லாம் நன்றாகத்தான் எழுதின, என் விரல்தான் எழுதவில்லை. அப்பா ஜனவரியில் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்து வலது தோள் மூட்டு நழுவியது உனக்குத் தெரியும். கட்டு அவிழ்த்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஃபுஃபு இடிக்காத வீடு ஒரு வீடா என்று உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நீ இருந்தவரை நீ இடித்தாய், நீ போனபின் ஒன்பது வருஷமாக அவர்தான் இடிக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு இடிக்கு நடுவில் உரலுக்குள் கையை விட்டு மாவைத் திருப்புவேன், இத்தனை வருஷத்தில் என் நகத்தில் ஒரு கீறல் கிடையாது. அன்றைக்கு ஃபுஃபுவுக்கு வேக வைத்த மரவள்ளியும் வாழைக்காயும் பாதி மசிந்திருக்கும்போது அவர் தோள் சட்டென்று விட்டுக்கொடுத்தது, மேலே போக வேண்டிய உலக்கை பாதியிலேயே கோணலாக இறங்கி என் வலது கை நடுவிரலில் உட்கார்ந்தது. நகம் கறுத்து விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி ஐந்து வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. வலியை விடு, அது போய்விட்டது. அவர் உலக்கையைக் கழுவித் துடைத்துச் சமையலறை மூலையில் கொண்டுபோய்ச் சாத்தினார் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடையில் விற்கிற பாக்கெட் மாவைக் கிண்டிப் போடுவேன், மருந்து விழுங்குகிற மாதிரி விழுங்கிவிட்டு எழுந்து போய்விடுவார், உரல் பின்கட்டில் கவிழ்ந்தே கிடந்தது. பக்கத்து அறையில் துணி தைக்கிற டூஃபியே, இடிக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று நல்ல எண்ணத்தில் சொன்னாள். அது அவர் காதில் விழுந்து அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் என்றுவிட்டார்.

அப்பா தோளுக்கென்று நீ கப்பலில் அனுப்பிய ஜிம் மிஷின் மே மாதம் வந்து சேர்ந்த கதையைப் போனில் பாதிதான் சொன்னேன். மூன்று பெட்டி, ஒரு பை நிறையத் திருகு, ஜெர்மன் மொழியில் ஒரு புத்தகம். வெல்டிங் பட்டறை தாவியா படத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாளில் பூட்டிவிட்டான், கடைசியில் நான்கு திருகு மிஞ்சியது, அது கம்பெனிக்காரன் நமக்குக் கொடுத்த பரிசு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். புதிதாக ஒன்று வீட்டுக்கு வந்தால் ஜெபம் பண்ணாமல் தொடலாமா, பாஸ்டர் வந்தார், முற்றத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள், எல்லாருக்கும் குடிக்க போதையில்லாத மால்ட் பாட்டில் உடைத்தோம். உன் அப்பா நன்றி ஆராதனைக்குப் போகிற மாதிரி வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு மிஷினில் போய் உட்கார்ந்தார். அடுக்கி வைத்திருக்கிற எடைக்கல்லில் எத்தனை வேண்டுமோ அங்கே ஆணியைச் செருக வேண்டும் இல்லையா, தாவியா ஒரு கல்லுக்குச் செருகியிருந்தான். இவர் அதைப் பிடுங்கிப் பத்தாவது கல்லில் செருகினார். மெதுவாகக் கிட்டே போய் வேண்டாம் என்றேன், ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் வந்தது, "என் பொண்ணு பத்துக் கல்லும் அனுப்பியிருக்கா. நான் ஒண்ணை மட்டும் தூக்கினா மீதி ஒன்பதையும் வேண்டாம்னு அவ மூஞ்சியில திருப்பி அடிச்ச மாதிரி ஆகாதா?" பெரியவர்கள் எல்லாரும் சரிதான் என்று தலையாட்டினார்கள், பாஸ்டர்கூட ஆமென் என்றார். தலைக்கு மேலிருந்த கம்பியைப் பிடித்து ஒரு இழுப்பு, கல் இரண்டு விரல்கடை உயர்ந்து தொப்பென்று விழுந்தது, எல்லாரும் கை தட்டினார்கள், இவரும் சிரித்துக்கொண்டே இருந்தார். ஆனால் பாஸ்டர் மால்ட் பாட்டிலை நீட்டியபோது இடது கையால் வாங்கினார். பெரியவர் முன்னால் இடது கையை நீட்டுகிற மனிதரா உன் அப்பா? அப்போதே தெரிந்துவிட்டது, வலது கை தூக்கவே வரவில்லை என்று.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே தசைப் பயிற்சி கொடுக்கிற பெண் மிஸ் பைடூ, உன்னைவிடச் சின்னவள், வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். தாத்தா, மரியாதையை மிஷினிடம் காட்ட வேண்டாம், உங்கள் தோளிடம் காட்டுங்கள் என்றாள். மூன்று வாரம் தொடவே கூடாது, அப்புறம் ஒரே ஒரு கல், கம்பியை நெஞ்சுவரை இழுப்பது, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பின்னால் இழுப்பது, உட்கார்ந்தபடி இரண்டு கைப்பிடியையும் முன்னால் தள்ளுவது, ஒவ்வொன்றும் பதினைந்து தடவை, தள்ளும்போது மூச்சை விட வேண்டும், தினம் செய்யக் கூடாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு கல்லா என்று இவர் முகம் தொங்கிப்போய்விட்டது. வீட்டுக்கு வந்து டூஃபியேயிடம் சொல்லி மிஷினின் எடைக்கல் பக்கத்துக்கு ஒரு பூப்போட்ட திரை தைத்து மாட்டிவிட்டார், ஆணி எந்தக் கல்லில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். கேட்டால் தூசி விழுகிறது என்கிறார். டூஃபியே இஸ்திரிப் பெட்டி சூடாகிற நேரத்தில் மிஷினில் போய் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கிறாள், முட்டி வலி குறைந்திருக்கிறதாம். நானும் இவர் இல்லாத நேரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன், மூன்று கல் தூக்கினேன், அதை எக்காரணம் கொண்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. முன்னால் தள்ளும்போது இடது கை போய்ச் சேர்ந்துவிடும், வலது கை பின்தங்கி வரும். தோளில் சதை ஏறிவிட்டது, பயம்தான் இழுத்துப் பிடிக்கிறது, யாராவது சீராக எண்ணிச் சொல்லுங்கள் என்றாள் மிஸ் பைடூ. நான் எண்ண ஆரம்பித்தால் இவர் ஐந்திலேயே எட்டுக்குப் போய்விடுகிறார். சரி என்று எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கை தட்டினேன். தள்ளுவார், தட்டுவேன், தள்ளுவார், தட்டுவேன். இரண்டு வாரத்தில் இரண்டு கையும் ஒன்றாகப் போக ஆரம்பித்தது. ஒரு நாள்தான் எனக்கே உறைத்தது, இரண்டு இடிக்கு நடுவில் உரலுக்குள் என் கை போகுமே, சரியாக அந்த இடத்தில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்கும் அது தெரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஜூனிலிருந்து இந்தச் செப்டம்பர் முடிய இப்படித்தான், ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஜெபம் முடிந்ததும் மிஷின் இருக்கிற கொட்டகைக்குப் போய்விடுவோம். இப்போது நான்கு கல். திரை மட்டும் இன்னும் தொங்குகிறது.

இன்றைக்கு ஆராதனை முடிந்து வந்ததும் அவரிடம் கேட்காமலே மரவள்ளியும் வாழைக்காயும் வேக வைத்தேன், ஆட்டுக்கறி போட்டுக் கடலைக் குழம்பு. உரலை நிமிர்த்திக் கழுவி, ஸ்டூலைப் போட்டு, மூலையிலிருந்த உலக்கையைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினேன். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "வேணாம் கொனாடு அம்மா. விரல் போனா வராது." எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "நாலு மாசமா உங்க எதிர்ல உக்காந்து தட்டிட்டிருக்கேன். ஒரு தட்டாவது தப்பிப்போச்சா?" என்றேன். சட்டையைக் கழற்றினார், உலக்கையை எடுத்தார். முதல் கொஞ்ச நேரம் தனியாகத்தான் இடித்தார், என் கை மடியிலேயே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன் மகளே, எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வலிக்குப் பயமில்லை, கடைசி நேரத்தில் நான் கையை இழுத்துக்கொண்டால் அதை அவர் பார்த்துவிடுவாரே, அப்புறம் இந்த ஜென்மத்தில் அந்த உலக்கையைத் தொடமாட்டாரே என்றுதான் பயம். விரலைத் தண்ணீரில் நனைத்து உள்ளே வைத்தேன். உலக்கை மேலேயே நின்றுவிட்டது, இறங்கவில்லை. கையை எடுக்காமல், ஆறிப்போகிறது இறக்குங்கள் என்று சொல்லிவிட்டு, நான்பாட்டுக்குத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தேன். இறங்கியது. மறுபடி விட்டேன், மறுபடி இறங்கியது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு டூஃபியே வெளியே வந்து நின்றதைக்கூட அப்புறம்தான் பார்த்தேன். ஃபுஃபுவில் அங்கங்கே கட்டி இருந்தது, அதைப் பற்றி நானும் சொல்லவில்லை அவரும் சொல்லவில்லை, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்போது உள்ளே குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

போனில் உனக்கு எதுவும் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளாதே, அவரே பெருமையாகச் சொல்லுவார், அப்போது ஆச்சரியப்பட்டுக்கொள். எத்தனை கல் தூக்குகிறீர்கள் அப்பா என்று மட்டும் கேட்டுவைக்காதே. ஷிட்டோவை ஃபிரிட்ஜில் வை, ஈரக் கரண்டியை உள்ளே விடாதே. நீயும் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறாய், முதுகை நிமிர்த்தி உட்கார். தாவியாவுக்கு மிஞ்சிய அந்த நான்கு திருகு எங்கே போட வேண்டும் என்று யாரிடமாவது கேட்டுச் சொல். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கைக்கு எப்போதும் பலம் கொடுக்கட்டும். எழுத்தைப் பார், எங்காவது நடுங்கியிருக்கிறதா?

இப்படிக்கு,
இன்று மத்தியானம் உரலுக்குள் போய் ஐந்து விரலோடும் திரும்பி வந்த கையால் எழுதும்
உன் அம்மா ஃபிரிம்போமா