ஒரு கோடை முன்னதாக

அலெக்ஸாண்ட்ரியா
அக்டோபர் கடைசி வெள்ளி

அன்பு மகள் இனாஸுக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குட்டிப்பயலுக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்காமல் காப்பானாக. இங்கே நான் சுகம், கடல் சுகம், எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் வழக்கம்போலப் படுத்த படுக்கை. அம்மா எப்படியிருக்கிறாள் என்று கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். தொலைபேசி என்றால் நான் ஏதாவது வேடிக்கை பேசி நழுவிவிடுவேன், பேனாவைப் பிடித்தால் அவ்வளவு சுலபமாக நழுவ முடியாது.

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். அப்பா, அஞ்சு கோடைன்னு எழுதினீங்க, நாலுலயே முடிச்சிட்டீங்க, என் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பெருமையடிச்சேன் என்று சொல்லியிருந்தாய். இலக்கை எழுது, தேதி போடு, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கு, கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டு என்று கற்றுக்கொடுத்தவள் நீதானே. நானும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஐந்து கோடையில் இரண்டாவது வீடு, அறுபத்தைந்து வயதில் இரண்டு வாடகையில் சாப்பாடு என்று. அம்மா அதைப் படித்துவிட்டு, சாப்பாட்டை யாரு சமைக்கிறதுன்னு எழுதலையே என்றாள். அப்போது சிரித்தோம். நம் தெருவில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். ஜூனில் வீட்டைக் கட்டில் மெத்தையோடு கடலுக்கு வரும் கெய்ரோக்காரர்களுக்கு விட்டுவிட்டு, செப்டம்பர் வரை தமன்ஹூரில் இல்ஹாம் சித்தி வீட்டில் ஒதுங்குவது, வந்த வாடகையைப் புது வீட்டுத் தவணைக்குக் கட்டுவது. மூன்று கோடை அப்படியே ஓடியது. நாலாவதில் முடிந்தது எப்படி என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கோடைக்கு வீடு விடுகிறவர்கள் ஓர் அறையைப் பூட்டித் தங்கள் சாமான்களை அதில் வைத்துக்கொள்வது உனக்குத் தெரியும். நம் வீட்டில் பூட்டியது இஹாபின் அறை. உன் தம்பி இறந்துபோன இந்த ஆறு வருஷத்தில் அம்மா அங்கே ஒரு தலையணையைக்கூட இடம் மாற்ற விட்டதில்லை. தன் கையாலேயே பூட்டுவாள், சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தமன்ஹூருக்குப் பேருந்து ஏறுவாள். இந்த வருஷம் புது வீட்டுக் கட்டடக்காரர், ரெண்டு தவணையைச் சேர்த்துக் கட்டுங்க, இப்பவே சாவி தர்றேன் என்றார். வாசல் காவல்காரர் ஷாஸ்லிதான் நமக்குத் தரகரும். அவர், உஸ்தாத், ரெண்டு ரூமுக்கு இப்ப எவன் வர்றான், மூணாவதைத் திறங்க, பூட்டின கதவுக்கு எவனாவது வாடகை தருவானா என்றார். சிரித்துவிட்டுத்தான் மாடி ஏறினேன். ஐந்தாவது மாடிக்குள் மனம் மாறிவிட்டது. அம்மாவை முதலில் ஊருக்கு அனுப்பிவிட்டுப் பூட்டை உடைத்தேன். அவன் துணியும் புத்தகமும் நாலு அட்டைப்பெட்டியில் அடங்கி அலமாரி மேலே போயின. அவன் தானே நீல வர்ணம் பூசிய இரும்புக் கட்டில் நடுவில் தொய்ந்து கிடந்தது. வந்தவர்களுக்கு இரண்டு குழந்தைகள், அவர்களுக்கென்று இரண்டு கட்டில் வாங்கினேன். பழையதைக் கீழே கத்திக்கொண்டு போன பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டேன். செப்டம்பருக்குள் வேறொன்று வாங்கி நீலம் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டிவிட்டு நானும் இஹாபும் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன், மகளே.

கடைசியில் அந்தக் குடும்பம் இரண்டு வாரம் கூடுதலாகத் தங்கியது, எனக்கு நேரமே கிடைக்கவில்லை. திரும்பி வந்த அன்று அம்மா கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். அது திரும்பவில்லை. மறுபடி திருப்பினாள். நான் பின்னால் நின்று புதுச் சாவியை நீட்டினேன். உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்தாள், சுவரில் ஒட்டியிருந்த மினுங்கும் நட்சத்திரத்தைத் தொட்டுவிட்டு, இங்க படுத்த பிள்ளைக்குப் பேரு என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. காலையில் தமன்ஹூருக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்துப் போனேன். புது வீட்டுச் சாவி சட்டைப்பையில் இருந்தது, காட்டினால் முகம் மாறும் என்று ஒரு நப்பாசை. விருந்தாளிக்கு எடுக்கிற கண்ணாடிக் குவளையில் தேநீர் கொண்டு வந்து வைத்து, ஷாஸ்லி கூப்பிடுகிற மாதிரியே, உஸ்தாத் ஃபவ்ஸி, சர்க்கரை எத்தனை என்றாள். இஹாப் பிறந்த நாளிலிருந்து இருபத்தைந்து வருஷமாக அவள் என்னை அபூ இஹாப், இஹாபின் அப்பா, என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், அவன் போன பிறகும் அப்படித்தான். ரெண்டு என்றேன். சாவியை வெளியே எடுக்கவில்லை. வீடு வாடகைக்குப் போனது, வீட்டுக்காரி வாடிப் போனாள். முதல் போட்டேன், அதற்கு ஈடு இல்லை. இப்படி ஏதாவது பேசினால் தலையணையைத் தூக்கி எறிவாளே, அதற்குக்கூட இப்போது ஆள் இல்லை.

வெள்ளிதோறும் தொழுகைக்கு முன்னால் அந்தக் கட்டிலைத் தேடிப் பழைய சாமான் சந்தைக்குப் போகிறேன். என்னைக் கண்டதும், வந்துட்டாருய்யா நீலக் கட்டில் மாப்பிள்ளை என்கிறார்கள். கட்டில் கிடைச்சாத்தான்யா கல்யாணம் என்று நானும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் உடைந்த விளக்குகள் குவிந்து கிடந்த இடத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கட்டில் கிடைத்தால் அவள் வந்துவிடுவாள் என்று நான் நினைக்கவில்லை. வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

நீயும் அங்கே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடப் போவதாகச் சொன்னாய். வாங்கு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இலக்கை எழுதும்போது மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். எந்தக் கதவைத் திறக்கமாட்டோம் என்பதையும் அதே தாளில் எழுது. என் தாளில் அந்த வரி இல்லை. எனக்காக அம்மாவிடம் பரிந்து பேசாதே, அவள் பக்கம் நில். ஆபீஸில் என் பெருமையைப் பேசுவதையும் நிறுத்து.

உன் வீட்டு வாசலில் சிரிப்பு குறையாமல் இருக்கட்டும், குட்டிப்பயல் உங்கள் இருவரின் கண்முன்னால் நீண்ட ஆயுளோடு வளரட்டும். ஒன்றை மறக்காதே. இஹாப் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து உன்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிற படம் உன்னிடம் இருக்கும், அதை அனுப்பு. தலைமாட்டில் கம்பி எத்தனை என்று சந்தையில் கேட்கிறார்கள். பத்தொன்பது வருஷம் என் வீட்டில் கிடந்த கட்டில், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்படிக்கு,
இனாஸின் அப்பா
ஃபவ்ஸி