பூட்டி வைக்காத வரைபடம்

மூத்த சக்களத்தி அக்காவுக்கு,

உன் ரேடியோவை என் பேத்தி அகேயோ பிரித்துப் போட்ட அன்று, "குடி கெடுக்குற கைடி இது!" என்று ஊர் கேட்கக் கத்தினாய். பதினாறு வருஷமாகியும் எனக்கு அது மறக்கவில்லை.

குறைமாதத்தில் பிறந்த உன் கொள்ளுப்பேரன், இன்று சியாயா ஆஸ்பத்திரியில் அந்தக் கை செய்த கருவியால்தான் மூச்சு விடுகிறான்.

அதன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யட்டும் என்று அவள் உலகத்துக்கே கொடுத்துவிட்டாள். "பகையாளிக்குமாடி?" என்றேன்.

"பகையாளி வீட்டுப் புள்ளையும் மூச்சு விடணுமே பாட்டி!" என்று சிரித்தாள். நானாக இருந்தால் பூட்டி வைத்திருப்பேன்.

நான் இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று நீ வராமல் இருக்காதே. ரேடியோவையும் எடுத்து வா, சரிசெய்து தருவாள். உன்னை நான் மன்னிக்கவில்லை. மத்தியானம் நம் பிள்ளையின் உதட்டில் இருந்த நீலம் மறைந்துவிட்டது, வந்து பார்.

உன் இளையவள்