உலகநாதனின் குதிகால்

படாளம்,
22.5.1998

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அப்பா, உங்களுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா?

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆய்வு முகாமில் ஒரு சின்னத் தகராறு. பயப்படாதீர்கள், எனக்குப் புருவத்தில் இரண்டே தையல்தான். சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்காக வேண்டா என்று பெயருள்ள ஒரு பெண்மணியிடம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய கணவர் உலகநாதன் மண்வெட்டிக் காம்போடு உள்ளே புகுந்தார்.

"இன்னாத்துக்கு என் பொஞ்சாதி ரத்தத்த உறிஞ்சிகினு கீற?"

ஒரே வீச்சில் ரத்தம் பிடித்து வைத்திருந்த கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் நொறுங்கின. தடுக்க வந்த எங்கள் ஜீப் டிரைவருக்குக் கை உடைந்தது. அடுத்த அடி என் மூக்குக்கண்ணாடி மேல். கீழே விழுந்த என்னை முடியைப் பிடித்து இழுத்தபோதுதான் அவர் காலைப் பார்த்தேன். உடைந்த குழாய்கள் மேல் வெறுங்காலோடு நின்றிருந்தார், தரையெல்லாம் ரத்தம்.

"கால்ல கண்ணாடி ஏறியிருக்குங்க" என்றேன்.

"எனக்கா? ஒண்ணும் தெரிலயே..." என்று குனிந்தவரின் கையிலிருந்து காம்பு நழுவியது.

குதிகாலில் இருந்த விரல் நீளத் துண்டை நான்தான் பிடுங்கினேன். அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. பிறகு ரத்தம் எடுக்க அவரே கையை நீட்டினார். சர்க்கரை நானூறு, அதனால் பாதம் மரத்தே போயிருக்கிறது.

பீரோவில் இருக்கும் என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். இன்னொன்று அப்பா, நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அம்மா ஈர்க்குச்சியால் உங்கள் உள்ளங்காலைத் தொடட்டும். தெரிந்ததா என்று உண்மையை எழுதுங்கள். கத்திரி வெயிலில் வெறுங்காலோடு கோயிலைச் சுற்றியும் கால் சுடவே இல்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை இங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. செருப்புப் போடுங்கள் அப்பா.

பிரதீபா