தாய்மாமன் மடிக்குக் காத்திருந்தோம்

கோவில்பட்டி,
19.9.2021

அன்புள்ள மகன் பிரபுவுக்கு அப்பா எழுதுவது, நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீ மஸ்கட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க சாஸ்தா துணையிருக்கட்டும். தினமும் போனில் பேசுகிற மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். இது போனில் சொல்ல வாய் வராத சங்கதி. சாமித்துரை லீவு முடிந்து அங்கே கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கடையை இப்போதுதான் முழுநேரமும் திறக்கிறேன். நம் தெருவில் மட்டும் இந்தக் கொரோனாவில் மூன்று பேர் போய்விட்டார்கள், ஒருவர் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை.

உன் தங்கச்சி சுதா ஏன் உன்னிடம் பேசுவதில்லை என்று கேட்டபோதெல்லாம் அவளுக்கு வீட்டுவேலை என்று சமாளித்தேன். காரணம் நான்தான். போன வருசம் ஆடி மாதம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. அவள் மகள் வர்ஷினிக்குக் காது கேட்பதற்காக உள்ளே கருவி வைக்கிற ஆபரேஷனுக்கு முறை வந்துவிட்டது, பத்து நாளில் கூட்டிவாருங்கள், அரசாங்கத் திட்டத்தில் ஆறு வயது முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்றார்கள். பிள்ளைக்குத் தையில் ஆறு முடிகிறது. ஆபரேஷனுக்குத் தலைமுடியை மழிப்பார்களாம். அவளோ முதல் முடி இறக்காத, காது குத்தாத பிள்ளை. பங்குனி உத்திரத்துக்கு வைத்திருந்தோம், நீயும் டிக்கெட் போட்டிருந்தாய், ஊரடங்கு வந்து கோவிலையும் பூட்டினார்கள், விமானத்தையும் நிறுத்தினார்கள். சாமிக்கு நேர்ந்த முடி ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போவதா, தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளை தலையில் கத்தி படுவதா, சம்பந்தி வீட்டார் என்ன பேசுவார்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். ஆஸ்பத்திரி முழுக்கக் கொரோனா என்ற பயமும் இருந்தது, ஆனால் அது பாதிதான்.

சுதா உன்னைக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். எனக்காகக் காத்திருக்காதீங்கப்பா, மொதல்ல பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க, முடி பெறவு மொளைக்கும் என்று நீ சொன்னாய். நான் அவளிடம் போய், அண்ணன் ரொம்ப வருத்தப்படுதான், அவன் வந்து மடியில வச்சுத்தான் செய்யணும்னு சொல்லுதான் என்றேன். உன் சொல்லை அவள் தட்டமாட்டாள் என்று தெரிந்தே சொன்னேன். அண்ணனுக்கு வேலை போகிற நிலைமை, நீ போன் போட்டுத் தொந்தரவு பண்ணாதே என்று அந்த வழியையும் அடைத்துவிட்டேன். உன்னிடம் ஆஸ்பத்திரிக்காரர்களே தள்ளிவைத்துவிட்டார்கள் என்றேன். எப்படியும் புரட்டாசிக்குள் எல்லாம் திறந்துவிடும் என்று நம்பினேன், என் கணக்கு அப்படி.

கோவில் திறந்தும் நீ வர வழியில்லாமல் மாதங்கள் ஓடிவிட்டன. தை முடிந்து மாசியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வயது தாண்டிவிட்டது என்றார்கள். டாக்டரம்மா திட்டக்கூட இல்லை, போன் போட்டோமே ஏன் வரலை என்று மட்டும் கேட்டார். சுதா என்னைப் பார்க்காமல், எங்க அண்ணன் வரட்டும்னு இருந்தோம் என்றாள். இனி வெளியே எங்கேயாவது வைத்தாலும் பேச்சு வருவது சிரமம், மூளை பழகுகிற வயது போய்விட்டது என்றார்கள். பேச்சுப் பயிற்சி வகுப்பும் மூடிக் கிடந்து, டீச்சர் செல்போனில்தான் சொல்லிக்கொடுத்தார், பிள்ளை திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். உதட்டைப் பார்த்து ஏதோ புரிந்துகொள்வாள், எல்லோரும் மாஸ்க் போட்டதில் அதுவும் போயிற்று. காது வளர்ந்து, வெளியே மாட்டுகிற பழைய காது மிஷின் லூசாகிக் கீச்சென்று கூவுகிறது, பிடுங்கி எறிகிறாள்.

போன வியாழக்கிழமை சாஸ்தா கோவிலில் வைத்து முடி இறக்கிக் காது குத்தினோம். உனக்குச் சொல்லக்கூடாது என்று சுதா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மடிக்கு நான்தான் உட்கார்ந்தேன். மேளக்காரர் பக்கத்தில் நின்று ஓங்கி அடித்தார், வந்திருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் அழுதன, இவள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். ஊசி ஏறும்போதுதான் கத்தினாள். தோடு எடுப்பாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு, கூட்டத்தில் மாஸ்க்கைக் கழற்றாதே, இரண்டாவது ஊசியையும் போட்டுவிடு. நீயும் உன் தங்கச்சியும் ஒருவருக்கொருவர் துணையாக நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து சுதாவுக்கு அனுப்பிவிடு. அவள் வீடு பக்கத்துத் தெருதான், நாலு தடவை போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

உன் அப்பா,
பெருமாள்சாமி