கப்பலேறாத ஆறு பெட்டிகள்

இன்று காலை குழாய் திருத்த வந்தவர் புது வாஷர் ஒன்றை என் கையில் தந்து, கொஞ்சம் பிடித்திருக்கச் சொன்னார். புது ரப்பரின் மணம். அண்ணை, உங்கள் நினைவு வந்துவிட்டது.

வட லண்டன் எட்மண்டனில், தண்ணீர் இறைக்கும் கைப்பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நீங்கள் ஸ்டோர்ஸ் பார்த்தீர்கள், நான் டைப்பிஸ்ட். லண்டனுக்கு வருமுன் மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றில் ஆறு வருடம் எஞ்சினியராக இருந்து, ஊர் ஊராக இதே பம்புகளைப் பூட்டிக் கொடுத்தவர் நீங்கள். இங்குள்ள அரசு அந்த நாட்டுக்குக் கொடுத்த உதவி அது. ஒரு நிபந்தனை: பம்பும் இங்கேதான் வாங்க வேண்டும், உதிரிப்பாகமும் இங்கேதான். "ஒரு கையாலை தந்து மற்றக் கையாலை வாங்கிற உதவி, பிள்ளை" என்பீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டு அரசுகளும் முறைத்துக்கொண்டன. தூதர்கள் திருப்பி அழைக்கப்பட்டார்கள், உதவி நின்றது. அனுப்பவென்று கட்டிவைத்த ஆறு பெட்டி வாஷர்கள் உங்கள் ஸ்டோர்ஸ் மூலையிலேயே கிடந்தன. அந்த நாட்டுத் தலைமையாசிரியர் ஒருவர் கம்பனி விலாசத்துக்கு உங்களுக்கு எழுதினார்: நீங்கள் பூட்டிய பள்ளிக்கூடத்துப் பம்பு வாஷர் தேய்ந்து நின்றுவிட்டது, பிள்ளைகள் ஆற்றுத் தண்ணீர் குடிக்கிறார்கள்.

அந்தப் பெட்டிகளையாவது அனுப்ப விடும்படி நீங்கள் இங்குள்ள அமைச்சுக்கு எழுதத் துணிந்தீர்கள். "கொம்பனி லெட்டர்ஹெட்டிலை அடிச்சால்தான் வாசிப்பாங்கள் அண்ணை" என்றவள் நான். தாளை எடுத்து அடித்துத் தந்தவளும் நான்.

பதில் உங்களுக்கு வரவில்லை. மனேஜருக்குப் போன் வந்தது. அவர் நம் இருவரையும் கூப்பிட்டு, தாளை எடுத்தது யார் என்று கேட்டார். என் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வந்திருக்கவில்லை. தாளை இவர்தான் தந்தார், நான் அடித்தேன், வேறொன்றும் தெரியாது என்றேன். பக்கத்தில் நின்ற நீங்கள் மறுத்துப் பேசவில்லை.

அன்றே உங்களை வேலையால் நிறுத்தினார்கள். பஸ் தரிப்பில் ஓடிவந்து பிடித்தேன்.

"அண்ணை, நான்..."

"விடும் பிள்ளை. முதல்லை உம்மடை கேஸ் முடியட்டும். அந்த வாத்தியார் கடிதம் போட்டால் மட்டும் எனக்குக் கொண்டுவந்து தாரும்."

"ஓம் அண்ணை, கட்டாயம் கொண்டுவாறன்."

இரண்டு வருடத்தில் அரசுகள் சமாதானமாகிவிட்டன. புதுத் தூதர் கைகுலுக்கும் படம் பேப்பரில் வந்தது. புது உதவி, புது மாதிரிப் பம்பு. பழைய வாஷர் அதற்குப் பொருந்தாதாம். ஆறு பெட்டிகளையும் குப்பை லொறியில் ஏற்றியபோது, நான் புதுப் பம்புகளுக்கான கப்பல் பத்திரங்களை அடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்திய குளிர்காலத்தில் மாரடைப்பு. செத்தவீட்டில் உங்கள் மனைவி சொன்னார்: "அந்த வாத்தியார் ஏன் பிறகு எழுதேல்லை எண்டு கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தவர்."

எழுதியிருந்தார், அண்ணை. நீங்கள் வேலையால் போன மூன்றாம் மாதமே கடிதம் வந்தது. உங்களுக்கு வந்ததை வெளியே கொண்டுபோனால் என்னையும் நிறுத்துவார்கள் என்ற பயத்தில் மேசைக்குள் வைத்தேன். பிறகு, பிந்திவிட்ட வெட்கத்தில் அப்படியே விட்டேன். செத்தவீட்டால் வந்த பின்தான் உடைத்தேன். முதலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வயிற்றோட்டத்தில் இறந்துபோனதை எழுதிவிட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: உங்களால் ஏலுமானதை நீங்கள் செய்திருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

அந்த வரி உங்களுக்கு எழுதப்பட்டது. இத்தனை வருடமாக வைத்திருப்பவள் நான்.